மறு: தூண்டில் மீன்பிடிப்பும் காற்றழுத்தமும் – ‘அழுத்தப் போக்கு’ என்ற சொல் குறித்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நன்னீர்த் தூண்டில் மீன்பிடிப்புக்கான சொற்பட்டியலில், காற்றழுத்தத்தை அளக்கும் பாரோமீட்டர் ஏறுவதையும் இறங்குவதையும் குறிக்க ‘காற்றழுத்தத் தாக்கம்’, ‘அழுத்தத் தாழ்வு’, ‘அழுத்தச் சரிவு’ என்னும் மூன்று சொற்கள் இதுவரை முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இதில் நாம் தேர்ந்தெடுக்கும் சொல்லே மீன் ஏன் இரையெடுக்கிறது, ஏன் எடுக்க மறுக்கிறது என்பதற்கு ஒரு விளக்கத்தையும் சேர்த்துச் சொல்லிவிடக்கூடும் என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முன்னர் ஓர் அன்பர் எழுதியது: ‘தாக்கம்’ என்றாலே போதுமே. படிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

விளங்கிவிடும் என்பதுதான் என் கவலை. நாம் மொழிபெயர்க்க எடுத்துக்கொண்ட வட அமெரிக்கக் கையேடுகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி இது: குளிர் வளிமுகம் (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்னெல்லை) நெருங்கும்போது பாரோமீட்டர் இறங்கும், அப்போது மீன் முனைப்பாக இரையெடுக்கும், வளிமுகம் கடந்து, வானம் வெளுத்து, அழுத்தம் ஏறத் தொடங்கியதும் மீன் ஆழத்தில் ஒதுங்கிப் பல மணி நேரம் தூண்டிலைத் தொடாது. ஏரிகளில் தூண்டில் போடுகிற பலரும் ஒப்புக்கொள்ளும் அனுபவம் இது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால், அழுத்தம் மாறும்போது, மீன் மிதக்க உதவும் காற்றுப்பை அதன் உடலுக்குள் விரிந்தோ சுருங்கியோ அதற்கு உபாதை தருகிறது என்று அந்நூல்கள் சொல்லும் காரணம் கணக்குக்கு நிற்பதில்லை.

காற்றழுத்தத்தை அளக்கும் அலகான ஹெக்டோபாஸ்கலில் 1 என்பது ஏறத்தாழ 1 செ.மீ. உயர நீரின் அழுத்தம். வலுவான ஒரு வளிமுகம் ஒரே நாளில் பாரோமீட்டரை 20 ஹெக்டோபாஸ்கல் இறக்கினாலும், மீனின் உடல்மீது ஏற்படும் மாற்றம் 20 செ.மீ. மேலே நீந்தி வந்ததற்குச் சமம். 3 மீட்டர் ஆழத்திலிருந்து நீர்ப்பரப்பில் விழுந்த பூச்சியைப் பிடிக்கப் பாயும் ஒரு பாஸ் மீன், சில நொடிகளுக்குள் சுமார் 300 ஹெக்டோபாஸ்கல் மாற்றத்தைக் கடந்து வருகிறது. அதைப் பொறுத்துக்கொள்ளும் காற்றுப்பை, ஒரு நாள் முழுவதும் மெல்ல மெல்ல நிகழும் 20 ஹெக்டோபாஸ்கல் மாற்றத்தால் நிலைகுலையும் என்று எப்படிச் சொல்வது? மேலும், ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட 220 ஹெக்டோபாஸ்கலுக்குமேல் குறைவு; எந்தப் புயலின் மையமும் அந்த அளவுக்கு இறங்கியதில்லை. நீலகிரியின் நீரோடைகளில் டிரௌட் மீன் அந்த அழுத்தத்திலேயே வாழ்ந்து, இரையெடுத்து, தூண்டிலிலும் சிக்குகிறது.

மீன் இந்த மாற்றத்தை உணரவே உணராது என்றும் நான் சொல்லவில்லை. கெண்டை, கெளுத்தி, அயிரை முதலியவற்றில் காற்றுப்பையையும் உட்செவியையும் இணைக்கும் சிறு எலும்புத் தொடர் ஒன்று உண்டு. வெபர் எலும்புகள் எனப்படும் அவற்றின் வழியே மிக நுண்ணிய அழுத்த மாற்றமும் செவியை எட்டுகிறது. நம் அயிரையின் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பிய மீன் ஒன்று, புயலுக்கு முன் அமைதியிழந்து அலைவதால் ‘வானிலை மீன்’ என்றே பெயர் பெற்று, முற்காலத்தில் கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கப்பட்டது. எனவே உணர்தல் உண்டு. ஆனால் உணர்வது வேறு, உபாதைப்படுவது வேறு. ‘தாக்கம்’ என்ற சொல் இரண்டையும் ஒன்றாக்கி, நிறுவப்படாத ஒரு காரணத்தைக் கலைச்சொல்லுக்குள்ளேயே வைத்துவிடுகிறது.

காற்றழுத்தம் மாறும்போது அதனுடன் சேர்ந்து மாறுகிறவை பல. மேகம் கவிந்து ஒளி குறைகிறது. இரைமீன்கள் கரையோரத்துக்கு வர, அவற்றைத் தின்னும் மீன்களும் பின்தொடர்கின்றன. காற்று நீர்ப்பரப்பைக் கலக்குகிறது, மழை கரைமண்ணோடு புழுக்களையும் பூச்சிகளையும் அடித்து வருகிறது, நீரின் வெப்பநிலை மாறுகிறது. நம் குளங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமானது கரைந்துள்ள ஆக்சிஜன். அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் நீர் ஏற்கக்கூடிய ஆக்சிஜன் 1 விழுக்காடு அளவே குறையும். 30 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் கொள்ளும் நீரில் அது கணக்கிலேயே வராது. ஆனால் பாசி மிகுந்து பச்சையாக இருக்கும் ஒரு குளத்தின்மீது இரண்டு நாள் மேகம் மூடினால், பகலில் பாசி உண்டாக்கும் ஆக்சிஜன் குறைய, இரவில் எல்லா உயிர்களும் சேர்ந்து இருப்பதையும் தீர்த்துவிடுகின்றன. அத்தகைய விடியலில் கட்லாவும் ரோகுவும் நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை மீன் வளர்ப்போர் எல்லோரும் பார்த்திருப்பார்கள்; அன்று தீவனம் போடக் கூடாது என்பது அவர்களுக்குப் பால பாடம். அன்று தக்கை அசையவே அசையாது. அதே குளத்தில், மேலே வந்து காற்றைக் குடித்துக்கொள்ளும் விராலுக்கு அந்தத் தொல்லை இல்லை. இரண்டு மீன்களுக்கும் மேலிருந்த காற்றழுத்தம் ஒன்றுதான்.

ஆகவே நமக்குத் தேவைப்படுவது காரணம் எதையும் சொல்லாமல், அழுத்தம் எந்தத் திசையில் நகர்கிறது என்பதை மட்டும் சொல்லும் சொல். ‘அழுத்தப் போக்கு’ என்பதை முன்வைக்கிறேன். வானிலையாளர்கள் குறிப்பிட்ட நேரத்துக்குள் அழுத்தம் எவ்வளவு, எவ்வாறு மாறியது என்று பதிவு செய்யும் அளவீட்டுக்கும் இதே சொல் பொருந்தும். ஏறும் நிலைக்கு ‘ஏறுமுகம்’, இறங்கும் நிலைக்கு ‘இறங்குமுகம்’. தங்கத்தின் விலையைச் சொல்ல நாள்தோறும் கையாளும் சொற்கள் என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. “அழுத்தம் இறங்குமுகத்தில் இருக்கும் மாலையில் கரையோரப் புல்வெளியை ஒட்டித் தூண்டில் போடலாம்” என்று எழுதினால் வாக்கியம் இயல்பாகவே நிற்கிறது. வளிமுகத்திலும் ‘முகம்’ இருப்பதால் குழப்பம் வரும் என்று ஓர் அன்பர் முன்னரே எச்சரித்திருந்தார். அங்கே அது இரு காற்றுத் திரள்கள் சந்திக்கும் எல்லை, இங்கே செல்லும் திசை. ஒரே பத்தியில் வந்தாலும் மயக்கம் ஏற்படும் என்று எனக்குத் தோன்றவில்லை.

‘தாழ்வு’ என்பதை விலக்கக் காரணம் எளிது. ஐப்பசி, கார்த்திகையில் வானொலியைக் கேட்கும் எவருக்கும் ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’, ‘தாழ்வு மண்டலம்’ என்பவை கடலின்மேல் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும் ஓர் அமைப்பின் பெயர்கள். நாம் சொல்ல வருவது ஏரிக்கரையில் நிற்பவரின் தலைக்குமேல் நிகழும் மாற்றம். ‘சரிவு’ இதைவிடப் பொருத்தமானதுதான். ஆயினும் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாட்டை, அதாவது காற்றை வீசச் செய்யும் வேறுபாட்டை, ‘அழுத்தச் சரிவு’ என்று அழைப்பதே முறை. காலத்தில் நிகழும் மாற்றத்துக்கும் அதே சொல்லைக் கொடுத்தால் பின்னால் அவதிப்படுவோம்.

இன்னொன்றையும் இப்போதே தீர்மானித்துவிட வேண்டும். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது: காலை, இரவு 10 மணியளவில் உச்சம், அதிகாலை, மாலை 4 மணியளவில் தாழ்மட்டம். தமிழ்நாட்டில் காலை உச்சத்துக்கும் மாலைத் தாழ்மட்டத்துக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல். கையேடுகளின் அலகில் இது பாதரச அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. வட அமெரிக்க ஏரிகளில் வளிமுகங்கள் உண்டாக்கும் பெரிய மாற்றங்களுக்கு நடுவே இந்த ஊசலாட்டம் பெரும்பாலும் மறைந்துவிடும். நம் ஊரில், மேகமே இல்லாத சித்திரை மாதத்திலும் நண்பகலுக்குப் பின் கைப்பேசியைப் பார்ப்பவர், அழுத்தம் இறங்குமுகம் என்றே காண்பார். புயல் நெருங்குகிறது, மீன் இனி எடுக்கும் என்று நம்பித் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்புவார். இதனால்தான் வெப்பமண்டல வானிலைப் பதிவுகளில் நேற்று இதே நேரத்தில் இருந்த அழுத்தத்தோடு இன்றையதை ஒப்பிடும் 24 மணி நேர மாற்றத்துக்குத் தனி இடம் தரப்படுகிறது. ஆகவே பட்டியலில் ‘அழுத்தப் போக்கு’ என்ற பதிவின் கீழ், தமிழகத்திலும் இலங்கையிலும் அதை 24 மணி நேர ஒப்பீட்டாலேயே கணிக்க வேண்டும் என்ற குறிப்பைச் சேர்க்கக் கோருகிறேன்; மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பாகத் தரட்டும் என்று விட்டுவிட்டால் அது விடுபட்டுப் போகும்.

அந்த அன்றாட ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். கடல்நீர் ஏறி இறங்கும் ஓதத்தைப் போலவே அதுவும் ஒரு நாளைக்கு இருமுறை வந்து போவதாலும், அறிவியலில் அதை வளிமண்டலத்தின் ஓதம் என்றே வகைப்படுத்துவதாலும், ‘வளியோதம்’ எனலாம் என்று கருதுகிறேன். ‘காற்றோதம்’ என்றால் இன்னும் எளிதாக இருக்கும்; ஆனால் காற்று வீசுவதால் கரையில் நீர் ஏறுவதை அது குறிப்பதாகச் சிலர் கொள்ளக்கூடும். கடலோர மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ‘ஓதம்’ இன்று எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை அப்பகுதி அன்பர்கள் எழுதினால், இச்சொல்லைப் பட்டியலில் சேர்ப்பதா என்று முடிவு செய்துகொள்ளலாம்.