துன்பம் வாழ்வுக்குப் பொருள் தருகிறதா? மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்து நண்பர்களின் விவாதம்

பழைய லயம்:
ஜப்பானியர் தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலையிலிருந்து உயிரோடு திரும்பிய என் தாத்தா, வாசலில் யாரேனும் பசியோடு நின்றால் தம் தட்டைத்தான் முதலில் நகர்த்துவார். சுகமாக வளர்ந்த நமக்கு அந்தப் பண்பு வாய்க்கவில்லை. நாஜி வதைமுகாம்களிலிருந்து மீண்ட மனநல மருத்துவர் விக்டர் பிராங்கலும், எதைப் பறித்தாலும் நேர்ந்ததை எவ்வாறு எதிர்கொள்வது என்னும் உரிமையை மனிதனிடமிருந்து பறிக்க இயலாது என்றே சொன்னார்.

மங்குக்காரன்:
அண்ணா, தாத்தாவை வணங்குகிறேன். ஆனால், 1942–43இல் போடப்பட்ட அந்த 415 கிலோமீட்டர் பாதையில் காலராவுக்கும் பட்டினிக்கும் பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் பலியானார்கள். திரும்பியவர்கள் மட்டுமே நமக்குக் கதை சொன்னார்கள். மாண்டவர்களுக்கு அந்தத் துன்பம் என்ன பொருளைத் தந்தது? பிராங்கலையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தவிர்க்கக்கூடிய துன்பமானால் அதன் காரணத்தை நீக்குவதே பொருளுள்ள செயல் என்று அவரே எழுதியிருக்கிறார். என் அம்மா இருட்டிலேயே நெற்றி விளக்கோடு ரப்பர் பால் வெட்டப் போவார். மழையில் பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அதில் போய்ப் பொருள் தேடச் சொன்னால், செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டை எழுதிய தோட்டக் கணக்கர் கிராணிக்குத்தான் மகிழ்ச்சி.

பழைய லயம்:
அப்படியானால் வள்ளுவர் ‘இடுக்கண் அழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்தது எதற்காக, தம்பி?

மங்குக்காரன்:
பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகைப் படைத்தவனே கெட்டழியட்டும் என்று ‘இரவச்ச’த்தில் சபித்தவரும் அவர்தானே! தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது நம் ஊர் அரசியல் தலைவர் சம்பந்தன் பொறுமையைப் போதித்துக்கொண்டிருக்கவில்லை. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சிறுசேமிப்பைப் பங்காகப் போட்டுத் தோட்டங்களையே வாங்கினார்கள். அவர்கள் தலைநிமிர்ந்தது பட்ட பாட்டினால் அன்று, சேர்ந்து செய்த அந்தக் காரியத்தினால்.

பழைய லயம்:
சங்கம் வைத்துத் தீர்க்க முடியாத துன்பத்துக்கு என்ன சொல்வீர்கள்? பக்கவாதத்தில் வலக்கை விழுந்த என் அக்கா, இடக்கையால் எழுதப் பழகிப் பேத்திக்கு ‘அ, ஆ’ சொல்லிக்கொடுக்கிறார். நோய் வருமுன் அவர் இவ்வளவு பொறுமைசாலி அல்லர், வீடே நடுங்கும்.

மங்குக்காரன்:
அக்காவின் மன உறுதியை நான் மறுக்கவில்லை. ஆனால், அவரை எழுத வைத்தது பக்கவாதமா, பேத்தியா என்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள், அண்ணா. ஈப்போவில் அவருக்குச் சிகிச்சை இருக்கும் நாளையும் சொல்லுங்கள். என் வண்டியிலேயே அழைத்துப் போகலாம்.