தாத்தாவின் பட்டாளக் கடிதங்கள்

சித்தப்பா: அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், பழைய புடவைத் துணியில் சுற்றி, அப்பா பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்கள்! மடிப்பெல்லாம் இற்றுப்போயிருக்கிறது. நாளைக்கே லேமினேட் செய்யக் கொடுக்கிறேன்.

அக்கா: வேண்டாம் சித்தப்பா! சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் கூடாது, பசை மஞ்சளாகிக் காகிதத்தைக் கெடுத்துவிடும். முதலில் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள். உறையையும்.

சித்தப்பா: (படம்) 1944 மே. நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை.

தம்பி: எலி கடித்ததா?

பெரியப்பா: எந்த எலி இவ்வளவு நேராகக் கடிக்கும்? தணிக்கை அதிகாரியின் கத்தரி. இருக்கும் இடத்தைச் சிப்பாய் எழுதக்கூடாது. முகவரியில்கூட ஊர் இராது. படைப்பிரிவும் கள அஞ்சலக எண்ணும்தான். ஆனால் இது மணிப்பூரின் இம்பால்தான், அப்பா சொல்லியிருக்கிறார். இரண்டாம் உலகப்போரில், அந்த வருடம் மார்ச் 29 அன்று ஜப்பானியர் இம்பாலுக்கு வரும் கோஹிமா சாலையை அடைத்தார்கள். ஜூன் 22 அன்றுதான் திறந்தது. அதுவரை எல்லாமே விமானத்தில்.

அக்கா: அதனால்தான் "இந்தக் காகிதம் பறந்து வருகிறது" என்று எழுதியிருக்கிறாரா! தணிக்கைக்காரர் அசந்துவிட்டார் போலிருக்கிறது.

தம்பி: எல்லாம் சரி. பாட்டிக்கு எழுதிய கடிதத்தில் பாட்டி எங்கே? மாடு, கிணறு, தம்பி படிப்பு, மணியார்டர் வந்து சேர்ந்ததா...

அத்தை: உன் பாட்டிக்குப் படிக்கத் தெரியாதடா. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லோரும் சுற்றி நிற்பார்கள். அதற்கு முன்பே அங்கே ஓர் அதிகாரி படித்தாயிற்று. இத்தனை பேர் நடுவில் மனிதர் வேறென்ன எழுதுவார்?

அத்தை: கடைசி வரியை மட்டும் பார். "கிணற்றடிக்குப் பெரிய குடம் வேண்டாம், சின்னக் குடமே போதும்." யாருக்குச் சொன்னது என்று நினைக்கிறாய்?

தம்பி: பாட்டிக்கு. ஏன்?

அத்தை: அப்போது பெரியண்ணன் வயிற்றில். ஆகஸ்டில் பிறந்தான்.

பெரியப்பா: அப்படியானால் இந்தக் கடிதத்தில் எனக்கும் பங்கு உண்டு. அசல் என்னிடம் இருக்கட்டும்.

சித்தப்பா: பெட்டியைத் திறந்தது நான், அண்ணா.

பெரியப்பா: குடத்துக்குக் காரணம் நான்.

அக்கா: ஞாயிற்றுக்கிழமை நேரில் சண்டை போடுங்கள். அதுவரை வெயில் படாமல், மடிக்காமல் வைத்திருங்கள் சித்தப்பா. தபால் முத்திரையைக் கிட்டத்தில் ஒரு படம் எடுங்கள். எந்தக் கள அஞ்சலக எண் எந்த மாதம் எங்கே இருந்தது என்று முத்திரை சேகரிப்பவர்கள் பட்டியல் வைத்திருக்கிறார்கள், பார்த்துவிடலாம்.

சித்தப்பா: சரி. லேமினேட் கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.