ஃபார்மட் ஆன கார்டிலிருந்து படங்கள் திரும்பக் கிடைத்தன. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

அக்கா குழந்தை முதன்முதலாக நடந்த படங்கள் இருந்த மெமரி கார்டை, காலி கார்டு என்று நினைத்து நானே கேமராவில் ஃபார்மட் செய்துவிட்டேன். கை நடுங்கிவிட்டது. அந்த நேரத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம், கார்டை உடனே கழற்றி வைத்ததுதான்.

சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் படங்களை அழிப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத்தான் துடைக்கிறது. அதே இடத்தில் புதிதாக எதுவும் பதியாதவரை படங்கள் அப்படியே கிடக்கும். நான் இன்னும் நாலு படம் எடுத்திருந்தால் பழையதில் சில போயே போயிருக்கும்.

முதலில் அழிந்த கோப்புகளை மீட்கும் ரெக்குவா என்ற மென்பொருளைப் போட்டேன், கொஞ்சம்தான் சிக்கியது. அப்புறம் ஃபோட்டோரெக். இலவசம், டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருளோடு சேர்ந்தே வரும். கறுப்புத் திரையில் அம்புக்குறி விசைகளால் நகர வேண்டும், அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். துடைக்கப்பட்ட பட்டியலை அது நம்பியிருப்பதில்லை. ஜேபெக் படம் எப்போதும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடுதான் தொடங்கும்; அந்த அடையாளத்தைக் கார்டு முழுக்கத் தேடிப் படங்களை எடுத்துத் தருகிறது. கோப்புப் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. ஆனால் எடுத்த தேதி படத்துக்குள்ளேயே இருந்ததால் வரிசைப்படுத்த முடிந்தது. குழந்தை நடக்கிற படம் திரையில் வந்தபோது அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

மீட்கும் படங்களை அதே கார்டில் சேமிக்கவே சேமிக்காதீர்கள். இன்னொன்று, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் இந்த நம்பிக்கை குறைவு. டிரிம் என்ற வசதி அழித்த இடத்தை விரைவிலேயே காலி செய்துவிடும்.

*

நல்ல பதிவு. என்னுடையது சின்ன விஷயம். 32 ஜிபி பென்டிரைவில் பெரும்பகுதி காலி, ஆனால் 6 ஜிபி வீடியோவை ஏற்க மறுத்தது. பென்டிரைவ் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். அதில் கோப்புகளை அடுக்கிவைத்திருந்த ஃபேட்32 என்ற முறையில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்டக் கூடாதாம். உள்ளே இருந்ததை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறையில் ஃபார்மட் செய்தேன், சரியாகிவிட்டது.

*

எனக்குப் பிரிண்டர் தகராறு. தினமும் ஷட்டவுன் செய்து மறுநாள் போட்டாலும் அதே பிழை. பிரிண்டரை இயக்கும் மென்பொருளான டிரைவரை இரண்டு முறை நீக்கிப் பதிந்தும் பலனில்லை. கடைசியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவுக்குக் கீழே அப்டைம், அதாவது விண்டோஸ் கடைசியாகப் புதிதாகத் தொடங்கியதிலிருந்து ஆன நேரம், 11 நாள் என்று காட்டியது!

காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். 2012இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த வசதி. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்திருந்த புரோகிராம்கள் மூடப்படும், ஆனால் விண்டோஸின் உள்மையமும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படும். டிரைவரில் இருந்த சிக்கலும் கூடவே எழுந்து வந்துவிடுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஒரே ரீஸ்டார்ட், பிரிண்டர் ஓடியது. இப்போது வீட்டில் யார் கம்ப்யூட்டர் பற்றிக் கேட்டாலும் அப்டைம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

*

இதைப் படித்துவிட்டு என்னுடையதைப் பார்த்தேன், 9 நாள். இரண்டு நாளாக வைஃபை அடிக்கடி அறுந்துகொண்டிருக்கிறது. ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.