காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தம், என்ஜின் விளக்கும் எரிகிறது. அவசரம், உதவுங்கள்

ஈரோடு_வேகம் | வியாழன், காலை 7:12

காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடிகள், தகர டப்பாவில் ஆணிகளைப் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வருகிறது. பிறகு அடங்கிவிடுகிறது. நேற்று முதல் என்ஜின் விளக்கும் எரிகிறது. பக்கத்துப் பட்டறையில் கேம் சென்சரை (வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நிலையைப் பார்ப்பது) மாற்றினார்கள். 9,000 ரூபாய் போனதுதான் மிச்சம். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு திருநெல்வேலிக்குப் போக வேண்டும். ஓட்டலாமா?

மணல்வீடு | காலை 7:40

என்ன வண்டி? எந்த வருடம்? பெட்ரோலா, டீசலா? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது? இவை எதுவும் தெரியாமல் எப்படிச் சொல்வது?

டர்போ_நேசன் | காலை 7:58

டர்போ வண்டி என்றால் வேஸ்ட்கேட் (டர்போவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கதவு) தண்டு தேய்ந்திருக்கும். என் வண்டியிலும் இதே சத்தம்தான். கிளிப் ஒன்று போட்டேன், நின்றுவிட்டது. என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினைப் பற்றி யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

மணல்வீடு | காலை 8:05

ஸ்கேனரில் என்ன குறியீடு வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஈரோடு_வேகம் | காலை 9:31

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 2011ஆம் வருட ஸ்போர்ட்ஸ் செடான், 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 160 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல். வோக்ஸ்வேகன் குழுமத்தின் இஏ888 என்ஜின், இரண்டாம் தலைமுறை. 1,18,000 கி.மீ. குறியீடு பி0016. நான் இரண்டாவது உரிமையாளர். முன்பு வைத்திருந்தவர் 15,000 கி.மீ.க்கு ஒருமுறைதான் ஆயில் மாற்றியிருக்கிறார்.

என்ஜின்_வாத்தியார் | காலை 10:02

தம்பி, இந்தத் தகவலை முதலிலேயே கொடுத்திருந்தால் இத்தனை பேருடைய நேரம் வீணாகியிருக்காது. இந்த என்ஜினைப் பற்றி இங்கே நான் எழுதாத நாளில்லை. தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. பி0016 என்பது, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டும் கேம் தண்டும் ஒன்றுக்கொன்று இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை என்று கணினி சொல்வது. சென்சர் கெட்டால் பெரும்பாலும் வேறு குறியீடு வரும். இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் தேய்ந்து நீண்டிருக்கிறது, அல்லது பல்சக்கரத்தில் ஒரு பல் தாண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

டர்போ_நேசன் | காலை 10:15

கேட்காமலே தீர்ப்பா? முதலில் வேஸ்ட்கேட்டைப் பார்க்கட்டுமே.

கோவை_பட்டறை | பகல் 12:20

வேஸ்ட்கேட் ஆடினால் பி0016 வராது நண்பரே. ஆனால் ஊகத்தில் என்ஜினைப் பிரிக்கவும் வேண்டாம். இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, நல்ல ஸ்கேனரில் அளவீட்டுத் தொகுதி 93ஐத் திறந்து, மூன்றாவது கட்டத்தைப் பாருங்கள். இன்டேக் கேமின் (காற்றை உள்ளே விடும் வால்வுகளின் கேம் தண்டு) கோணம், டிகிரியில். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நலம். மைனஸ் 4ஐ நெருங்கினால் செயினுக்குப் பணம் சேர்க்கத் தொடங்கலாம்; அதைத் தாண்டினால் வண்டியை நிறுத்திவிடுவதே நல்லது.

இரண்டாவது, வலது முன்சக்கரத்தையும் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பையும் கழற்றுங்கள். கீழ் டைமிங் மூடியில் ஒரு சிறிய ரப்பர் அடைப்பான் இருக்கும். அதைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்தால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் தண்டு தெரியும். அதில் வளையம் வளையமாக வரிகள் வெட்டியிருப்பார்கள். செயின் நீள நீளத் தண்டு வெளியே வரும், வரிகள் கூடிக்கொண்டே போகும். 7 தெரிந்தால் மாற்றியாக வேண்டும். அங்கேயே ராட்செட்டின் (தண்டு உள்ளே திரும்பிப் போகாமல் தடுப்பது) பூட்டு நாக்கையும் பாருங்கள். பழைய வகை டென்ஷனரில் அந்த நாக்கைப் பிடித்திருக்கும் மெல்லிய தகடு உடைந்துவிடும். நான் கழற்றிய ஒன்றில் நாக்கு தனியாக ஆயில் பாத்திரத்தில் கிடந்தது. தண்டை விரலால் அழுத்தினேன். தடையே இல்லாமல் உள்ளே போய்விட்டது.

ஒரு கேள்வி: சத்தம் சரியாக எப்போது தொடங்கியது?

ஈரோடு_வேகம் | பகல் 1:05

போன வாரம் ஏற்காடு போய் வந்த பிறகு. விடுதி வாசலில் மேட்டைப் பார்த்து நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக் கொஞ்சம் தளர்வு, அதனால் முதல் கியரில் போட்டுவிட்டேன். இரவில் ஒரு சாண் அளவு பின்னால் நகர்ந்திருந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கோவை_பட்டறை | பகல் 1:22

இதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்! டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. என்ஜின் நின்றிருக்கும்போது அழுத்தம் இல்லை. செயினை இறுக்கிப் பிடிப்பது அந்த ராட்செட் நாக்கு மட்டும்தான். வண்டி முதல் கியரில் பின்னால் உருண்டால் கிராங்க் தண்டு எதிர்த் திசையில் சுற்றும், செயினின் இழுவை டென்ஷனர் பக்கம் மாறி, அதன் தண்டை உள்ளே தள்ளும். நாக்கு தேய்ந்திருந்தால் செயின் பல் தாண்டிவிடும். செயின் தாண்டினால் இந்த என்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதும் என்பதை மறக்காதீர்கள். தயவுசெய்து இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். கியரில் போட்டுத் தள்ளவும் வேண்டாம். நியூட்ரலில் வைத்து லாரியில் ஏற்றுங்கள்.

என்ஜின்_வாத்தியார் | பகல் 2:10

மேட்டில் முதல் கியர், இறக்கத்தில் ரிவர்ஸ் கியர். ஓட்டுநர் பள்ளியில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இதுதான். நாற்பது வருடமாக இப்படித்தான் நிறுத்துகிறேன், எந்தச் செயினும் தாண்டவில்லை.

மணல்வீடு | பகல் 2:31

ஐயா, யோசித்துப் பாருங்கள். மேட்டில் முதல் கியரில் வண்டி பின்னால் உருண்டாலும், இறக்கத்தில் ரிவர்ஸ் கியரில் முன்னால் உருண்டாலும், இரண்டிலும் கிராங்க் எதிர்த் திசையில்தான் சுற்றுகிறது. நீங்கள் சொல்லும் விதிப்படி நிறுத்தினால் இரண்டு இடத்திலும் ஆபத்துதான்.

என்ஜின்_வாத்தியார் | பகல் 2:40

விதி வண்டி உருளாமல் இருப்பதற்கு. செயினுக்காக எழுதியதல்ல.

நாமக்கல்_சக்கரம் | பகல் 3:15

எங்கள் அப்பா லாரி ஓட்டியவர். மலையில் நிறுத்தினால் கிளீனர் முதலில் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பார், அதற்குப் பிறகுதான் கியரில் போடுவார்கள். வண்டியின் பாரம் கட்டையில் நிற்கும், கியரில் நிற்காது. காரில் போகிறவர்கள் ஒரு கல்லைக்கூட வைப்பதில்லை.

டர்போ_நேசன் | பகல் 3:50

அப்படியானால் ஆயில் விஷயம்? 15,000 கி.மீ. என்பதுதான் கேட்டதிலேயே பெரிய தவறு.

என்ஜின்_வாத்தியார் | மாலை 4:05

அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். டர்போவும், பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் முறையும் உள்ள என்ஜினில், நம் ஊர் வெயிலுக்கும் நெரிசலுக்கும் 7,500ஐத் தாண்டக் கூடாது. பழைய ஆயிலில் செயினின் ஊசிகள்தான் முதலில் தேயும்.

ஈரோடு_வேகம் | வெள்ளி, மாலை 6:48

கோணம் மைனஸ் 6.2. வரிகள் 7. நாக்கு பாதி உடைந்திருந்தது. லாரியில் கோவைக்கு அனுப்பிவிட்டேன். என்னென்ன மாற்றச் சொல்ல வேண்டும்?

கோவை_பட்டறை | மாலை 7:30

டைமிங் செயின், புதிய வகை டென்ஷனர், வழிகாட்டிகள் மூன்று, கிராங்க் பல்சக்கரம், பேலன்ஸ் தண்டின் (அதிர்வைக் குறைப்பது) செயின், அதன் டென்ஷனர். கிராங்க் போல்ட் கட்டாயம் புதியது. இறுக்கம் 150 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் இன்னும் 90 டிகிரி திருப்ப வேண்டும். அதைத் தளர்த்தும்போது புல்லியைப் பிடிக்கும் சிறப்புக் கருவி இல்லாத பட்டறை என்றால் வண்டியைத் திருப்பி எடுத்துவிடுங்கள். இன்டேக் கேமின் கட்டுப்பாட்டு வால்வு இடப்பக்க மரை, வழக்கத்துக்கு எதிர்த் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் திருகினால் உடைந்துவிடும். செயினைத் தொடும் முன் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வு வளைந்திருக்கலாம், ஹெட்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

ஈரோடு_வேகம் | பத்து நாள் கழித்து, இரவு 9:14

கம்ப்ரஷன் நான்கிலும் சமம், வால்வுகள் தப்பின. எல்லாம் மாற்றியாயிற்று. இப்போது கோணம் மைனஸ் 0.6. சத்தம் இல்லை. ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்துவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

கோவை_பட்டறை | இரவு 9:40

மகிழ்ச்சி. கேம் தண்டுகளின் முன்னால் இருக்கும் பிரிட்ஜ் என்னும் தாங்கியில் ஒரு சிறு சல்லடை உண்டு. அது கழன்று ஆயில் வழியை அடைத்துவிடும். அதை எடுத்துவிட்டார்களா என்று பட்டறையில் கேட்டீர்களா?

மணல்வீடு | மறுநாள், காலை 8:02

ஈரோடு நண்பரே, சல்லடை பற்றிப் பதில் சொல்லுங்கள். என்னுடையதும் அதே என்ஜின்தான்.