புதுப்பிப்பு: நாலாம் வகுப்புக்கு எந்த ஓவியர்?

குளச்சல் பக்கம் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த ஓவியரை வைத்துக் கைவேலை செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் வான்கோவின் 1889 நட்சத்திர வானத்தைச் சொன்னீர்கள். ஆனால் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸைத்தான் எடுத்தேன். 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தபின், நின்று வரையச் சிரமப்பட்டு, வண்ணம் பூசிய தாளைக் கத்தரியால் வெட்டி ஒட்டியவர்.

கோடு போடாமல் வெட்டச் சொன்னதும் பிள்ளைகள் முழித்தார்கள். “பென்சில் வேண்டாமா சார்?” அப்புறம் சாளை, நெத்தோலி, கணவாய் என்று கடல் உயிர்களாக வெட்டித் தள்ளினார்கள். கணவாய்க்கு எத்தனை கால் என்பதில் எனக்கே பாடம் நடந்தது! பூசிய தாள் நன்றாகக் காயட்டும், ஈரமாக வெட்டினால் கிழியும்.

அடுத்து, சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளை வைத்தே படம் வரைந்த ஜார்ஜ் சூராவின் புள்ளி ஓவியம். காது குடையும் பஞ்சுக்குச்சியே போதும், தூரிகை வாங்க வேண்டாம்.