விரிதாள் சொல்லாமற் செய்யும் மாற்றத்துக்கு ஒரு சொல்

அன்பின் நண்பர்களுக்கு,

விரிதாள் (எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள்) தொடர்பான நமது கலைச்சொற் பட்டியலில் எஞ்சியிருக்கும் ஒரு சொல்லைப் பற்றிச் சென்ற வாரம் வந்த மடல்களைப் படித்தேன். நாம் பெயர் தேடும் பொருள் இதுதான்: ஒருவர் கலத்தில் (அட்டவணையின் ஒரு கட்டத்தில்) ஒன்றை உள்ளிடுகிறார், மென்பொருள் அதை வேறொன்று என எடுத்துக்கொண்டு, கேளாமலும் தெரிவிக்காமலும் மாற்றிச் சேமித்துவிடுகிறது. திருக்கோவில் ஊரிலுள்ள நண்பர் 'தன்னியக்க மாற்றம்' என்றார். அக்கரைப்பற்றிலிருந்து 'கலவிகாரம்' வந்தது. 'கரவுத்திரிபு' என்ற சொல்லை முன்மொழிந்தவருக்குத் தரவு, கரவு என்ற எதுகை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன், எனக்கும் பிடித்தது.

சொல்லுக்கு முன் பொருளைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும். 2024இல், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில், பெரும்போக நெற்செய்கையாளர் பட்டியல் ஒன்றைக் கணினியில் ஏற்றும் வேலையில் ஓர் அலுவலகத்துக்கு உதவினேன். வட்டை (வயற்பரப்பு) வட்டையாக வந்த கையெழுத்துப் பட்டியல்களில் அரை ஏக்கர் 1/2 என்று எழுதப்பட்டிருந்தது. தட்டச்சு செய்தவரும் கண்டபடியே உள்ளிட்டார். எக்செல் அதை 2024 பெப்ரவரி முதலாம் திகதி என எடுத்துக்கொண்டது. திகதி என்பது அந்த மென்பொருளின் உள்ளே 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிவரும் நாட்களின் தொகையே ஆதலால், நிலப்பரப்பைக் கூட்டியபோது அந்த அரை ஏக்கர் 45,323 ஏக்கராகச் சேர்ந்துகொண்டது. மட்டக்களப்பில் எந்தப் போடியாருக்கும் (பெருநிலக்காரருக்கும்) அவ்வளவு காணி இருந்ததில்லை. கூட்டுத்தொகை நகைப்புக்கிடமாக இருந்தபடியால் பிழை அன்று மாலையே பிடிபட்டது.

அதே கோப்பில் நகைப்புக்கிடமாகாத பிழைகளும் இருந்தன. அவை பிடிபட மூன்று வாரம் சென்றது. 065இல் தொடங்கிய தொலைபேசி எண்களெல்லாம் முன்னிருந்த பூச்சியத்தை இழந்திருந்தன. அதையாவது ஊகித்துத் திருத்தலாம். தேசிய அடையாள அட்டை எண்ணுக்கு நேர்ந்ததைத் திருத்த வழியே இல்லை. இலங்கையில் 2016 முதல் வழங்கப்படும் அட்டைகளில் எண் பன்னிரண்டு இலக்கம்: முதல் நான்கு பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது (பெண்களுக்கு அத்துடன் 500 கூட்டப்படும்), மீதி ஐந்தும் வரிசை எண்ணும் சரிபார்ப்பு இலக்கமும். எக்செல் பொது வடிவில் பன்னிரண்டு இலக்க எண்ணை முழுமையாகக் காட்டாது, 1.98012E+11 என்பது போன்ற அறிவியற் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். அதுவரை எண் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோப்பைக் காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதே எழுதப்படும். அதை மறுபடி திறந்தால் பின்னிருக்கும் ஆறு இலக்கமும் பூச்சியம். ஒரே ஆண்டில் ஏறத்தாழப் பத்து நாள் இடைவெளியில் பிறந்த ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே எண் வந்துவிடும். எங்கள் பட்டியலில் 'இரட்டைப் பதிவு' என்று நீக்கப்பட்டவர்களில் சிலர் இப்படி எண் ஒத்துப்போன வெவ்வேறு ஆட்கள். மூலத் தாள்கள் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் அவர்கள் தப்பினார்கள்.

இது நமது அலுவலகங்களின் கவனக்குறைவு மட்டும் அன்று. பரம்பரையலகுகளுக்கு (மரபணுக்களுக்கு) 'செப்ட்1', 'மார்ச்1' என்று பெயர் வைத்திருந்த ஆய்வாளர்கள், விரிதாளில் அவை செப்டெம்பர் முதலாம் திகதியாகவும் மார்ச் முதலாம் திகதியாகவும் மாறுவதைப் பல்லாண்டு கண்டும் காணாமலும் இருந்தார்கள். எக்செல் பட்டியல்களை இணைத்து வெளியான மரபியல் ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. மென்பொருள் மாறாதபடியால் 2020இல் பரம்பரையலகுகளின் பெயர்களையே 'செப்டின்1', 'மார்ச்எஃப்1' என்று மாற்றினார்கள். செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டியது போன்ற காரியம். இம்மாற்றங்களில் சிலவற்றை நிறுத்திவைக்கும் தெரிவை மைக்ரோசொப்ட் 2023இல்தான் கொடுத்தது.

இங்கிலாந்தில் 2020 செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரை 15,841 கொவிட் தொற்றாளர்களின் விபரம் உரிய நாளில் கணக்கில் வராமற் போனதையும் ஒருவர் முன்மடலில் குறிப்பிட்டிருந்தார். அங்கே பழைய கோப்பு வடிவம் 65,536 நிரைகளுக்கு மேல் ஏற்காததால் மிகுந்தவை வெளியே விடப்பட்டன. அதுவும் ஓசையின்றி நடந்ததே என்றாலும், கலத்திலுள்ள பெறுமானம் மாறுவது வேறு, நிரையே இல்லாமற் போவது வேறு. அதற்கு 'நிரைவெட்டு' என்று தனிச்சொல் வைத்துக்கொள்வோம். ('நிரல்' என்றால் நமக்குப் பத்தியாக மேலிருந்து கீழ் இறங்குவது, தமிழ்நாட்டு நண்பர்களுக்குக் கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுதி. ஆகவே நிரலைத் தொடாமல் நிரையோடு நிற்பது நல்லது.)

இனிச் சொல்லுக்கு வருகிறேன். 'தன்னியக்க மாற்றம்' பொருந்தாது. விரிதாளில் நாம் விரும்புவதே தன்னியக்கம். ஒரு கலத்தைத் திருத்தியதும் கூட்டுத்தொகை தானே மாறுவதற்காகத்தான் 1979இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தது, அதன் வழியில் எக்செலும் வந்தது. குறை தானாக மாறுவதில் இல்லை, மாறியதைச் சொல்லாததில் இருக்கிறது. தரவுத்தளத்தில் ஒரு புலம் எழுத்தா, எண்ணா, திகதியா என்பதை முதலில் நாம் அறிவிக்கிறோம். பொருந்தாததை உள்ளிட்டால் அது ஏற்க மறுக்கும். விரிதாளோ நம்மிடம் எதுவும் கேட்காமல் ஒவ்வொரு கலத்திலும் தானே ஊகிக்கிறது. ஒருவர் தம் வீட்டுக் கணக்கை எழுதுவதற்கு அந்த ஊகம் உதவிதான். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிவாரணப் பட்டியலுக்கு அது ஆபத்து.

'கரவு' வஞ்சத்தைக் குறிப்பது. மென்பொருளுக்கு வஞ்சம் கிடையாது. ஆனால் 'திரிபு' மிகச் சரியான சொல். 'ஐயந்திரிபற' என்னும் வழக்கில் ஐயம் என்பது இதுவா அதுவா என்று தெளியாத நிலை, திரிபு என்பது ஒன்றை மற்றொன்றாகவே உணர்ந்துவிடுவது. கயிற்றைப் பாம்பு என்பது திரிபு. அரை ஏக்கரைப் பெப்ரவரி என்பதும் அதுவே. மென்பொருளுக்கு ஐயம் வந்திருந்தால் நம்மைக் கேட்டிருக்கும். அதற்கு ஐயமே வரவில்லை. ஆகவே 'சொல்லாத்திரிபு' என்பதை முன்வைக்கிறேன்.

*

கல்முனையிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். 'கலவிகாரம்' வேண்டாம் என்பதற்கு நீங்கள் காரணம் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். நமது பாடசாலை உயிரியலில் கலம் உயிரின் அடிப்படை அலகு, விகாரம் பரம்பரையலகில் நேரும் மாற்றம். என் உயர்தர மாணவர்களிடம் இந்தச் சொல்லைக் கொடுத்தால் புற்றுநோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தருவார்கள்.

உங்கள் சொல்லிலும் எனக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது இலக்கணம் சார்ந்தது. புணர்ச்சி விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று. தொலைபேசி எண்ணின் பூச்சியம் போனது கெடுதல். யாரும் உள்ளிடாத 2024 என்னும் ஆண்டு அரை ஏக்கரோடு வந்து ஒட்டியது தோன்றல். மூன்றையும் திரிபு என்று ஒன்றாகச் சொல்லலாமா? இரண்டாவது, சேர்த்து எழுதினால் 'சொல் திரிபு' என்றோ 'சொல்லாக்கம்' என்றோ கண் வழுக்கிப் படிக்கும். மற்றும்படி, சொல்லாமையைப் பெயரில் வைத்ததே இதன் பலம் என்பதில் எனக்கு உடன்பாடு.

*

அன்பின் ஆசிரியை அவர்களுக்கு,

இரண்டாவது தடையை அப்படியே ஏற்கிறேன். 'சொல்லாத் திரிபு' என இடம்விட்டு எழுதுவோம். முதலாவதற்கு என் பதில், இங்கே திரிபு புணர்ச்சிக்குரியதன்று, உணர்ச்சிக்குரியது என்பதே. பூச்சியம் கெட்டதும் ஆண்டு தோன்றியதும் விளைவுகள். தொலைபேசி எண்ணைக் கூட்டிக் கழிக்கும் தொகை என்று மென்பொருள் எடுத்துக்கொண்டதே மூலம், அது திரிபுணர்ச்சி. விளைவின் வகைகளைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் காட்டிய தோன்றலையும் கெடுதலையும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

நேற்று அந்த அலுவலகத்துக்கு மறுபடி போக நேர்ந்தபோது, புதிய பட்டியலைத் தட்டச்சு செய்யும் முகாமைத்துவ உதவியாளரிடம் அறிவுறுத்தல் தாளின் வரைபைக் காட்டினேன். அதில் இப்படி எழுதியிருந்தேன்: 'அடையாள அட்டை எண், தொலைபேசி எண், வீட்டிலக்கம் ஆகிய நிரல்களை உள்ளிடத் தொடங்குமுன் உரை வடிவுக்கு மாற்றுக; நிலப்பரப்பைப் பின்னமாக எழுதாது தசமத்தில் எழுதுக; அன்றேல் சொல்லாத் திரிபு நேரும்.' அவர் வாசித்துவிட்டு, "யாருக்குச் சொல்லாத திரிபு, சேர்?" என்று கேட்டார். உங்களுக்குத்தான் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், முதல் நாள் முடித்துவைத்திருந்த கோப்பைத் திறந்து வீட்டிலக்கங்களை மேலிருந்து பார்க்கத் தொடங்கினார். 12/3 என்ற வீடு பதினேழாவது நிரையில் மார்ச் மாதமாக இருந்தது.

மறுப்பு இல்லையெனில் 'சொல்லாத் திரிபு', 'நிரைவெட்டு' இரண்டையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.