மறு: ‘மிதவை ஈ’ சரிதானா?

நண்பர்களுக்கு வணக்கம். தேனீ போலத் தோன்றும் ஹோவர்ஃபிளை (hoverfly) என்ற ஈக்குத் தமிழ்ப்பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> ஹோவர்ஃபிளைக்கு ‘மிதவை ஈ’ என்றே வைத்துவிடலாம்.

ஐயா, எனக்கு ஒரு தயக்கம். மிதவை என்றதும் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. காசிமேட்டு மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள், வலையில் கட்டுவதைத்தான் காட்டுவார்கள். இந்த ஈ மிதப்பதில்லை. இறக்கையை விடாமல் அடித்துக்கொண்டு ஆணி அடித்தாற்போல ஓரிடத்தில் நிற்கிறது. அதை நாம் ‘அந்தரத்தில் நிற்கிறது’ என்போம். ஆகவே ‘அந்தர ஈ’. அந்தரம் வடசொல் என்று யாராவது வருவீர்கள், தெரியும். என் பாட்டி வாயில் புழங்கிய சொல், எனக்குப் போதும்.

> ‘பூ ஈ’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான். ஆனால் போன ஞாயிறு செங்குன்றம் பக்கம் ஒரு தட்டைப்பயறு வயலில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஈக்கள் பூவில் இருந்தன. அதே கொடியின் குருத்தில், அப்பிக்கிடந்த அசுவினிகளுக்கு (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகளுக்கு) நடுவே, காலில்லாத புழுக்கள் ஒவ்வொன்றாகப் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தன. அவையும் இந்த ஈயின் பிள்ளைகள்தான். வயல்காரர் பயிரைத் தின்னும் புழு என்று நினைத்து மருந்தடிக்க இருந்தார். ‘பூ ஈயின் புழு’ என்று நான் சொல்லியிருந்தால், பூவையும் தின்னுமோ என்று இன்னும் ஒரு மூடி சேர்த்து அடித்திருப்பார்!

அப்புறம் இறக்கை. மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்த்துத் தேனீ என்று பதிந்துவிடுகிறோம். தேனீக்கு இறக்கை நான்கு, ஈக்கு இரண்டே. அந்த ஒவ்வோர் இறக்கையின் நடுவிலும் நரம்பு மாதிரியே ஒரு மடிப்பு, எதனோடும் சேராமல் ஓடும். இந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் அடையாளம். இலைக்கு நரம்பு என்று பள்ளியிலேயே படித்துவிட்டதால் ‘பொய் நரம்பு’ என்று எழுதி வருகிறேன். ‘போலி நரம்பு’ மேலா? போலி என்றால் இன்னொன்றைப் பார்த்துச் செய்தது என்று காதில் விழுகிறது.

இனப்பெயர்களைத் தமிழாக்கப் புறப்பட வேண்டாம் என்பேன். இந்த ஈக்களின் குடும்பமான சிர்ஃபிடேயில் (Syrphidae) சுமார் 6000 இனங்கள். என் படத்தில் வயிற்றுப் பட்டை சரியாக விழவில்லை. அதனால் குடும்பப் பெயரோடு நிறுத்தி, நாள், ஊர், பயிர், கூட இருந்த அசுவினி ஆகியவற்றைப் பதிந்தேன்.

> புழுவுக்கு ‘அசுவினி தின்னி’?

வயலில் சொல்ல நல்ல பெயர். குடும்பத்துக்கே வைக்க முடியாது. வாலை மூச்சுக்குழாயாக நீட்டிக்கொண்டு சாக்கடைத் தண்ணீரில் வாழும் புழுக்களும் இதே குடும்பம்தான். அவற்றுக்கு என்ன பெயர் வைக்கலாம்?